மூன்றாவது டேக்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளை எல்லோரும் லிஃப்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்தின் பாதி லிஃப்டுகளுக்குள் 'கதவுகள் மூடுகின்றன, கைகளைக் கவனியுங்கள்' என்று சொல்வது அவள் குரல். பேருந்து நிலையத்தில் தாமதமாக வரும் வண்டிகளுக்காக வருத்தம் தெரிவிப்பதும் அவள்தான். வங்கிக்குப் போன் செய்து காத்துக் கிடப்பவர்களிடம், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று கூச்சமே இல்லாமல் புளுகுவதும் அவள்தான். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் தேன் ஒழுகப் பேசிவிட்டு வீடு திரும்புகிறவளிடம் அப்பாவுக்கென்று மிச்சமிருப்பது அதட்டல் மட்டுமே. தொண்டை என்ன வற்றாத ஊற்றா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

அப்பா குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "மீட்டர்!" என்று குரல் கொடுத்து, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை எதிராளியின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தே காலத்தை ஓட்டியவர். அட்டையைக் காட்டினால் கதவைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய சட்டம். காட்டாதவன் சொந்தக்காரனாக இருந்தாலும் சந்தேகத்துக்குரியவன். காட்டியவன் யாராக இருந்தாலும் யோக்கியன். அம்மா போன பிறகு அப்பாவும் மகளும் மட்டும் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தார்கள். அப்பாவின் ஓய்வுப்பணம் முழுவதும் வங்கியில் வைப்பாகக் கிடந்தது. அவருடைய முதுமைக்கும், வந்தால் வரும் வராவிட்டால் போகும் இவள் சம்பாத்தியத்துக்கும் அது ஒன்றுதான் பிடிமானம்.

அன்றைக்கு ஏதோ ஒரு மருத்துவமனைக்காக டோக்கன் எண்களைப் படித்துக்கொண்டிருந்தாள். எண்களைப் படிப்பது போல் அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. கடைசி எண்ணையும் முதல் எண்ணைப் போலவே சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். நோயாளி பயந்துவிடக் கூடாதாம். கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. மைக்குக்குப் பக்கத்தில் போன் இருந்தால் பதிவில் 'டிர்ர்' என்று ஒரு இரைச்சல் விழும். அதனால் எல்லோருடைய போனும் அணைக்கப்பட்டு வெளியே ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடக்கும். இடைவேளையில் வெளியே வந்து, வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு, போனை உயிர்ப்பித்தாள்.

அது நடுங்கி நடுங்கி ஓயவே இல்லை. அப்பா கூப்பிட்டிருந்தார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். வேலை நேரத்தில் கூப்பிட்டால் மகள் வாயில் விழ வேண்டியிருக்கும் என்பதால் நெஞ்சு வலித்தால்கூட அவர் சாயந்திரம் வரை பொறுத்திருக்கிற ஆள். அழைப்புகளுக்குக் கீழே வங்கியிலிருந்து ஒரு செய்தி: உங்கள் கணக்கின் கடவுச்சொல் மாற்றப்பட்டது. அவள் எதையும் மாற்றவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டாள். வேறு அழைப்பில் இருக்கிறார் என்றது. மறுபடி கூப்பிட்டாள். அதே பதில். அப்பாவுக்கு அப்படி மணிக்கணக்கில் பேச யார் இருக்கிறார்கள்? விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் எடுத்தார்.

"யாரு?" என்று கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்து அவள் கேட்டதே இல்லை. காலமெல்லாம் கதவுக்கு வெளியே நின்று கத்திப் பழகிய தொண்டை அது.

"நான்தாம்ப்பா. என்ன ஆச்சு? எதுக்கு இத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

"நீ கூப்பிடுவேன்னு என் பொண்ணு சொல்லிட்டா," என்றார் அப்பா. "அவள மாதிரியே பேசுவேன்னும் சொன்னா. அச்சு அசலா அப்படியேதான் பேசற. நல்லா இருப்பியா நீ?"

"அப்பா, என்ன உளர்றீங்க..."

வைத்துவிட்டார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பொண்ணு சொல்லிட்டா. அப்படியானால் அவருடைய மகள் ஒருத்தி இப்போது அவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இங்கே நிற்கிற இவள் யார்? இந்தக் கேள்வி ஒரு கணம் நிஜமாகவே அவளுக்குள் எழுந்தது. அந்த ஒரு கணத்தின் பயத்தை அவளால் பிற்பாடு யாருக்கும் விளக்க முடியவில்லை.

ஒலிப்பதிவு செய்கிறவரை ஹெட்போன் என்பார்கள். கழுத்தில் அது இல்லாமல் அவரைக் கண்டவர்கள் கிடையாது. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது கூடத்தில் நீண்ட நாள் சந்தேகம். அவர் இவளுடைய முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார். அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஊருக்கே உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கிற வாய் அது.

"உன் குரல்ல யாரோ பேசறாங்கங்கறியா?" என்றார் ஹெட்போன்.

"ஆமா."

"உன் குரல் எங்கதான் இல்ல? எந்த லிஃப்டுல ஏறினாலும் கிடைக்குமே."

"லிஃப்டுல இருக்கறத வச்சு அப்பாவ ஏமாத்த முடியாது, ஹெட்போன். அது அறிவிப்புக் குரல். என்ன அப்பான்னு கூப்பிட்டிருக்கணும். அழுதிருக்கணும். அந்த மாதிரி நான் எங்கயும்..."

பாதியில் நிறுத்திவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. கேட்கிற நாடகங்கள் தயாரிக்கிறார்களாம். அறிவிப்புகளில் அவள் குரலைக் கேட்டு மயங்கிப்போனார்களாம். முதன்மைப் பாத்திரத்துக்கு அவளைத்தான் நினைத்திருக்கிறார்களாம். ஒரு மாதிரிப் பதிவு மட்டும் அனுப்பினால் போதுமாம். வாழ்நாள் முழுக்கக் கதவுகள் மூடுகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தவளிடம் யாராவது நடிக்க வா என்று கூப்பிட்டால் தலைகால் புரியுமா? புரியவில்லை. தொலைபேசியில் ஒரு மகள் தகப்பனோடு பேசுகிற காட்சியை அனுப்பியிருந்தார்கள். ஒப்பந்தத்துக்காக அடையாள அட்டையின் நகலைக் கேட்டார்கள், அனுப்பினாள். சம்பளம் போட வங்கிக் கணக்கு விவரம், பிறந்த தேதி, அம்மாவின் பெயர், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் எண். அங்கே அப்பாவின் எண்ணைக் கொடுத்தாள். வேறு யாருடைய எண்ணைக் கொடுப்பாள்?

அந்தக் காட்சியைப் பதிவு செய்தவர் ஹெட்போன்தான். முதல் டேக் செத்துக் கிடந்தது. இரண்டாவதில் அழுது புரண்டுவிட்டாள். "ரெண்டும் வேணாம், யாரையாவது மனசுல நினைச்சுக்கிட்டுச் சொல்லு," என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சொன்னார். மூன்றாவது டேக்கில் அவள், சாயந்திரங்களில் விளக்குப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்து தன் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருக்கும் அப்பாவை நினைத்துக்கொண்டாள். 'அப்பா, நான்தாம்ப்பா. பயப்படாதீங்க. சாப்பிட்டீங்களாப்பா?' கடைசிச் சொல்லில் குரல் தானாகவே இடறியது. ஹெட்போன் பதிவை நிறுத்திவிட்டு, "இத்தனை நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று கேட்டார்.

அதை இருவரும் சேர்ந்துதான் அனுப்பி வைத்தார்கள். கொஞ்சம் குரல் கிடைத்தால் போதும், மிச்சத்தை இயந்திரமே பேசிவிடும் என்று எங்கேயோ படித்திருந்தாள். படித்தது நினைவுக்கு வர வேண்டிய நேரத்தில் வரவில்லை.

"ஏறு வண்டியில," என்றார் ஹெட்போன்.

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வங்கிக்குப் போன் செய்தாள். கணக்குகளை முடக்கச் சொல்ல வேண்டும். அப்பாவின் வைப்பை யாரும் தொட முடியாதபடி செய்யச் சொல்ல வேண்டும். மணி அடித்தது. எடுத்தார்கள். எடுத்தது அவள்தான்.

'வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. எங்கள் அதிகாரிகள் அனைவரும் பிற வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்.'

எவ்வளவு நிதானம், எவ்வளவு கனிவு! எதிராளியின் வீடே பற்றி எரிந்தாலும் ஒரு எழுத்தைக்கூட அவசரப்படுத்தாத குரல். இதைப் பதிவு செய்த அன்று, 'காத்திருக்கவும்' என்பதில் இன்னும் கொஞ்சம் புன்னகை வேண்டும் என்று கேட்டார்கள், கொடுத்தாள். இப்போது அந்தப் புன்னகையை அறைய வேண்டும் போலிருந்தது. "ஆள் யாராவது எடுங்களேன்டா!" என்று நடுரோட்டில் கத்தினாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது,' என்று அவளே அவளுக்குப் பதில் சொன்னாள்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. படிகளில் ஓடினாள். மூச்சிரைக்க மேல்மாடிக்கு வந்தபோது எதிர்வீட்டு டீச்சர் கையில் குப்பைவாளியோடு நின்றிருந்தார். இவளைப் பார்த்ததும் வாளி கைநழுவப் பார்த்தது.

"நீங்க வெளியிலயா இருக்கீங்க?" என்றார் டீச்சர். "காலையிலேருந்து உங்க வீட்டுக்குள்ள உங்க குரல் கேட்டுக்கிட்டே இருக்கே. இன்னிக்கு வேலைக்குப் போகலைன்னு நினைச்சேன்."

அவள் பையிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தாள். சாவி திரும்பியது, கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார்.

"அப்பா!"

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு காலடிகள் கதவு வரை வந்து நின்றன. கதவில் பார்ப்பதற்கு ஒரு துவாரம் இருந்தது. புரை விழுந்த கண்ணை அதில் வைத்தால், நிற்பது மகளா மூட்டையா என்று அவருக்குத் தெரியாது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதும் அவர் தட்டிக் கழிப்பதும் அதற்காக இவள் கத்துவதுமாக இரண்டு வருடம் ஓடியிருந்தது.

"வந்துட்டியா?" என்றார் அப்பா. குரல் கதவுக்கு மிக அருகில் இருந்தது. "வீட்டுக்கே வருவேன்னும் சொன்னா என் பொண்ணு. அவள விசாரணைன்னு எங்கயோ ஆபீஸ்ல பிடிச்சு வச்சிருக்காங்க, அதான் எத்தனை தடவை கூப்பிட்டும் அவ போன் அணைஞ்சே கிடந்துச்சு. அவ பேர்ல எவளோ திருட்டுக் கணக்குத் தொறந்து அவள மாட்டி விட்டிருக்கா. அது நீதானே?"

"அப்பா, என்னை யாரும் பிடிக்கல. வேலையில இருந்தேன். போன் கூடையில இருந்துச்சு. நான்தாம்ப்பா நிக்கறேன், கதவத் தொறங்க." அவர் மிரண்டுவிடக் கூடாதே என்று குரலை இழைத்து, இறக்கி, எத்தனையோ வருடப் பயிற்சியையெல்லாம் சேர்த்து மென்மையாகச் சொன்னாள். "பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல?"

சொன்ன மாத்திரத்தில் தப்பு செய்துவிட்டோம் என்று புரிந்தது. உள்ளே இருப்பவளும் இதே குரலில்தானே பேசிக்கொண்டிருப்பாள்?

"எதிர்வீட்டு டீச்சர் பேசறேன் சார், இது உங்க பொண்ணுதான்," என்று டீச்சர் குரல் கொடுத்தார்.

"அக்கம்பக்கத்துல இருக்கறவங்களையும் கூட்டு சேர்த்துக்குவாங்கன்னு போன்ல இருக்கற ஆபீஸர் சார் சொல்லிட்டாருங்க டீச்சர்," என்றார் அப்பா, மரியாதை குறையாமல். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "அட்டை இருக்கா? அட்டையக் காட்டு."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அட்டை! அப்பாவின் சட்டம் அப்பாவையே காப்பாற்றப் போகிறது. பையைத் தலைகீழாகக் கொட்டி அடையாள அட்டையைத் தேடி எடுத்தாள். கதவுக்குக் கீழிருந்த இடுக்கில் தள்ளினாள். அது உள்ளே போயிற்று. அப்பா முனகிக்கொண்டே குனிவதும், எழுவதும், அட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்ப்பதும் அவளுக்குக் கதவைத் தாண்டித் தெரிந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இதே அட்டைய அந்த சாரும் காட்டினாரு," என்றார் அப்பா. "போன்ல படம் வந்துச்சு. இதே போட்டோ. இதே நம்பர். அவரோட அட்டையையும் காட்டினாரு. நீ இத எங்கேருந்து திருடின?"

அவளிடம் அதற்குமேல் காட்ட எதுவும் இருக்கவில்லை. முகம் அவர் கண்ணுக்குத் தெரியாது. குரல் திருடு போயிற்று. அட்டையும் போயிற்று. தன் சொந்த வீட்டுக் கதவுக்கு வெளியே, தன்னைத் தான்தான் என்று நிரூபிக்க வழியில்லாமல் நின்றாள். கடவுளே, இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று மட்டும் மனம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து அது கேட்டது.

"அப்பா, கதவத் தொறக்காதீங்கப்பா. எனக்கு பயமா இருக்கு. சீக்கிரம் அவங்க கேக்கறதக் குடுத்து என்னைக் கூட்டிட்டுப் போங்கப்பா." கொஞ்சம் இடைவெளி. "சாப்பிட்டீங்களாப்பா?"

போனின் ஒலிபெருக்கியில் அவளுடைய குரல். கடைசிச் சொல்லில் அந்த இடறல். அவள் இரண்டடி பின்னால் போய்ப் படிக்கட்டுக் கம்பியில் மோதிக்கொண்டாள். பின்னாலேயே ஏறி வந்து நின்ற ஹெட்போனின் முகம் வெளுத்துவிட்டது.

"மூணாவது டேக்," என்று முணுமுணுத்தார்.

"இல்லம்மா, இன்னும் சாப்பிடல," என்று உள்ளே அப்பா போனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு கனிவாகச் சொன்னார்! "நீ வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம். இதோ முடிச்சிடறேன். நீ அழாத."

பிறகு ஒரு ஆண்குரல், அதிகாரமாக: "சார், உங்க போனுக்கு ஒரு எண் வந்திருக்கும். அதைச் சொன்னா உங்க வைப்புப் பணம் பாதுகாப்புக் கணக்குக்கு மாறிடும். உங்க பொண்ணை உடனே விட்டுடுவோம். படிங்க."

"இருங்க சார்... நாலு..."

"அப்பா, படிக்காதீங்க!" அவள் இரண்டு கைகளாலும் கதவை அறைந்தாள். ஹெட்போன் தோளால் மோதினார். அந்தக் காலத்துக் கதவு, அசைந்து கொடுக்கவில்லை.

"நாலு... அடுத்தது ஒண்ணா ஏழான்னு தெரியல சார். கண்ணு சரியில்ல. இருங்க, கண்ணாடியத் தொடச்சுக்கறேன்."

"சீக்கிரம் சார்!"

"ஏழுதான். நாலு, ஏழு..."

அந்த நேரத்தில் கதவிடுக்கு வழியாக ஒரு நாற்றம் வந்து மூக்கில் ஏறியது. தீய்ந்த பால். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவது அப்பாவின் வழக்கம். பால் தீய்ந்து பாத்திரம் கருகி, ஒருநாள் சமையலறைத் திரையில்கூடத் தீப்பிடித்திருக்கிறது. அவள் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையிலும் இல்லை. பழகிப்போன வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அடுப்புல பாலை வச்சிட்டு அங்க என்ன பண்றீங்க? மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு? வீட்டக் கொளுத்திட்டுத்தான் ஓய்வீங்களா? எத்தனை தடவை, எத்தனை தடவைதான் சொல்றது ஒரு மனுஷனுக்கு! பாலை வச்சா அங்கயே நில்லுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன், காதுல வாங்கறீங்களா? எல்லாத்தையும் நானே பார்க்கணும், நானே சாகணும்! போய் முதல்ல அடுப்ப அணைங்க!"

தொண்டை கிழிந்துவிடும் போலிருந்தது. அதில் பயிற்சி இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, ஒரு துளி தேனும் இல்லை. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு அந்தக் குரல் தினமும் சுவரைத் தாண்டிக் கேட்கிற குரல்.

உள்ளே எண்கள் நின்றுபோயின.

"சார்? படிங்க சார்," என்றது ஆண்குரல். "அப்பா? அப்பா?" என்றது இன்னொன்று.

காலடிகள் கதவை விட்டு விலகிப் போயின. எங்கே போகிறார்? அடுப்பின் குமிழ் திரும்புகிற 'டக்' சத்தம் கேட்டது. அணைக்கச் சொன்னாள், போய் அணைத்தார். அப்புறம் காலடிகள் திரும்பி வந்தன. தாழ்ப்பாள் விலகியது.

அப்பா ஒரு கையில் போனும் மறு கையில் அட்டையுமாக நின்றார். வெளியே கிளம்பினால் போடுகிற ஸ்வெட்டரை அந்த வெயிலிலும் போட்டிருந்தார். மகளை வெளியே கூட்டிவரப் போக வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்திருக்கிறார்.

"நீதான்," என்றார்.

அவள் பாய்ந்து போனைப் பிடுங்கினாள். 'அப்பா, எங்க போனீங்க?' என்று அவள் குரல் அவள் உள்ளங்கைக்குள் கேட்டது. பாம்பைத் தொட்டது போல் உதறி, துண்டித்தாள். பிறகு அப்பாவின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கைகள் சில்லிட்டிருந்தன.

அதற்கப்புறம் நடந்தவை எல்லாம் வேலைகள். செலவுக்கென்று கணக்கில் கிடந்த பணத்தைக் காலையிலேயே தூக்கிக் கொடுத்திருந்தார். அது போனது போனதுதான். திரும்பி வந்தால் அதிசயம். வைப்பு அப்படியே இருந்தது, ஒன்றா ஏழா என்று தெரியாத கண் புண்ணியத்தில். ஹெட்போன் வங்கி இணைப்பில் காத்திருந்து காத்திருந்து கடைசியில் ஒரு ஆளைப் பிடித்துவிட்டார். போனை வாங்கி அவள் விவரம் சொல்லத் தொடங்கியதும் எதிர்முனைப் பெண், "மேடம், நீங்க ஆள்தானா, ரெக்கார்டிங்கா?" என்று கேட்டாள். இரண்டு கணக்குகளும் முடக்கப்பட்டன. கடவுச்சொற்கள் மாறின. அட்டை திருடுபோனதாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கையில் இருக்கிற அட்டை எப்படித் திருடுபோகும் என்று அங்கிருந்தவர் கேட்டார். அவளுக்கு விளக்கவே தெம்பில்லை, ஹெட்போன்தான் விளக்கினார்.

வீட்டுக்குத் திரும்பி வந்து கிளம்பும்போது ஹெட்போன் அப்பாவிடம் சொன்னார். "இனிமே உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசிய வார்த்தை வச்சுக்குங்க சார். போன்ல எவ கூப்பிட்டாலும் அதக் கேளுங்க. சொல்லலைன்னா வச்சிடுங்க."

"வார்த்தை எதுக்கு தம்பி?" அன்று முதல்முறையாக அப்பா சிரித்தார். "இவ திட்டினா எனக்குத் தெரிஞ்சிடாதா?"

ஹெட்போனும் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அவர் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போட்டிருக்கவில்லை.

"எப்படிப்பா நம்பினீங்க?" என்று கேட்டாள். குற்றம் சொல்லக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. "வாழ்க்கை பூரா எத்தனை பேரப் பார்த்தவரு நீங்க."

அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தேடுவது போலிருந்தது.

"சாப்பிட்டீங்களான்னு கேட்டா," என்றார். "காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருந்தா. பிடிச்சு வச்சிருக்காங்க, அழறா, அப்பக்கூட எனக்காகக் கேக்கறாளேன்னு..." தலையை ஆட்டிக்கொண்டார். "அப்பவே நான் உஷாராகியிருக்கணும். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

அதில் குத்தல் இல்லை. வெகுளியாகச் சொன்னார். இருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அது நான்தாம்ப்பா, அந்த வார்த்தையை உங்களை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன், என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அருகில் போய் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அப்பா," என்றாள். "சாப்பிட்டீங்களாப்பா?"

கடைசிச் சொல்லில் குரல் இடறியது.

அப்பா தூக்கிவாரிப்போட்டது போல் பின்னால் சாய்ந்தார். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. அரையிருட்டில், புரை விழுந்த கண்கள் அவளுடைய முகத்தைத் தேடின. கை தன்னையறியாமல் அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தது.

"யாரு?" என்று கிசுகிசுத்தார்.

அவள் நிமிர்ந்தாள். விளக்கைப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கணம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு தன்னிடமிருந்த கடுமையையெல்லாம் திரட்டினாள்.

"யாருன்னா? எந்திரிங்க முதல்ல. இந்தப் புழுக்கத்துல இன்னும் அந்த ஸ்வெட்டரக் கழட்டலையா நீங்க? சாப்பிடாம மாத்திரையப் போட்டீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

அப்பாவின் தோள்கள் தளர்ந்தன. முகத்தில் நிம்மதி பரவியது. "இதோ வந்துட்டேன்மா," என்று ஸ்வெட்டரைக் கழற்றியபடி எழுந்து சாப்பிட வந்தார்.